மடற்குழுவா, மன்றமா? டர்பனில் ஒரு குழுவைத் தலையில் ஏற்றுக்கொண்டவருக்கு

கோயில் கமிட்டிக் கூட்டம் முடிந்து டீ ஊற்றும் நேரத்தில்தான் இந்தப் பொறுப்பு வந்து சேரும். "தம்பி, நீங்கள் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்தானே? நம் ஆட்களுக்கெல்லாம் இணையத்தில் ஒரு குழு அமைத்துக் கொடுங்களேன்" என்று ஒரு மாமா தொடங்குவார். பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். டீ ஆறுவதற்குள் நீங்கள் நிர்வாகி ஆகியிருப்பீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில் எனக்கும் அப்படித்தான் வந்தது. அன்றிரவே உட்கார்ந்து ஒரு இணைய மன்றத்தைத் திறந்தேன். ஆன்மிகம், சமையல், தமிழ் வகுப்பு, வேலைவாய்ப்பு, விளையாட்டு என்று 12 பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 14 பதிவுகள். அவற்றில் 11 நான் எழுதியவை. மீதி மூன்றில் ஒன்று, "எனக்கு அறிவிப்பு மெயில் வருவதை எப்படி நிறுத்துவது?" என்பது. போதாக்குறைக்கு, அந்த மன்றத்தை இலவசமாக நடத்திக்கொண்டிருந்த சேவை அடுத்த ஆண்டு சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டது. 14 பதிவுதானே என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு அது 1,400 ஆக இருக்கலாம்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மடற்குழு என்பது ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு ஒருவர் எழுதினால் உறுப்பினர் எல்லோருடைய அஞ்சல்பெட்டிக்கும் அது போய்ச் சேரும். பதில் எழுதினால் பதிலும் அப்படியே. இணைய மன்றத்தில் செய்தி ஓரிடத்தில் நிற்கும். படிக்க விரும்புகிறவர் அங்கே போக வேண்டும். மன்றத்தை ஈழத்துக்காரர்கள் கருத்துக்களம் என்பார்கள். ஒன்று நம் வாசலுக்கு வருகிறது, இன்னொன்றுக்கு நாம் செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

இதில் எது உயர்ந்தது என்று கேட்டுப் பயனில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகத்தை எழுதுகிறவர்கள் இன்றும் மின்னஞ்சலில்தான் சண்டை போடுகிறார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியின் உருவாக்குநர்களோ 2022-இல் தங்கள் மடற்குழுவை விட்டு மன்றத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இரு தரப்பும் விவரம் தெரியாதவர்கள் அல்லர்.

முதல் வேலை: ஒரு மாதச் செய்திகளை எழுதிப் பாருங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டை எடுங்கள். கடந்த ஒரு மாதத்தில் உங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட செய்திகளை வாட்ஸ்அப்பிலிருந்தும் தொலைபேசிப் பேச்சிலிருந்தும் நினைவுபடுத்தி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்தச் செய்தி எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்று குறியுங்கள். நான் முதலில் செய்யத் தவறியது இதைத்தான்.

"பஜனை 5 மணிக்கு அல்ல, 4 மணிக்கு" என்பதன் ஆயுள் ஒரு பகல். அதற்கு வாட்ஸ்அப் போதும். அதை மடற்குழுவில் போடுவதுகூட வீண். அடுத்த வகை சில வாரங்கள் வாழ்வது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் யார் என்ன சமைப்பது, தைப்பூசக் காவடிக்கு வண்டி ஏற்பாடு, தமிழ் வகுப்பின் வாரப் பாடம், ஆடி மாதக் கூழுக்கு வசூலான தொகை. (கூழ் ஊற்றுவதை இங்கே 'பாரிஜ் பிரேயர்' என்றுதான் சொல்கிறார்கள். முதல் ஆண்டு நான் ஏதோ ஓட்ஸ் கஞ்சி என்று நினைத்துக்கொண்டு போனேன்.) இவற்றை எல்லோரும் பார்க்க வேண்டும், சிலர் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதம் கழித்துக் கணக்குக் கேட்டால் தேடி எடுக்கவும் முடிய வேண்டும். இது மடற்குழுவுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை.

மூன்றாவது வகைதான் மன்றத்தைக் கேட்பது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கியது. 1911-இல் இந்த ஆள்சேர்ப்பு நிற்கும்வரை மெட்ராஸ், கல்கத்தா துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள் 1,52,184 பேர். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. 'கலோனியல் நம்பர்' என்பார்கள். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். இன்று இங்கே நான்காம், ஐந்தாம் தலைமுறைக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "எங்கள் தாத்தாவின் அப்பா எந்த ஊர்?" கப்பல் பட்டியல்கள் கணினிக்கு ஏறிவிட்டன, க்வாஸுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் ஊரின் பெயரை எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு குமாஸ்தா. அது எந்த ஊர் என்று சொல்லத் தமிழ்நாட்டில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் வேண்டும். அவர் நாளைக்கே வர மாட்டார். ஆறு மாதத்தில் வரலாம், மூன்று ஆண்டில் வரலாம்.

இப்படிப்பட்ட கேள்வியை மடற்குழுவில் போட்டால் அன்று படித்த 60 பேரில் யாருக்கும் தெரியாது. மறுவாரம் அது மற்ற மடல்களுக்கு அடியில் புதைந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டால் மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். திறந்த மன்றத்தில் போட்டால் அது அங்கேயே நின்றுகொண்டிருக்கும். குடியாத்தத்தில் இருந்து எவரோ தன் ஊர்ப் பெயரைத் தேடும்போது கண்ணில் படும்.

நோட்டில் எழுதிய பட்டியலில் பெரும்பாலானவை சில வாரச் செய்திகளாக இருந்தால் மடற்குழு. ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியவை பாதிக்கு மேல் இருந்தால் மன்றம். சந்தேகமாக இருந்தால் மடற்குழுவில் தொடங்குங்கள். காலியான மடற்குழு யார் கண்ணுக்கும் தெரியாது. காலியான மன்றம் கல்யாணம் நின்றுபோன மண்டபம் மாதிரி இருக்கும். எட்டிப் பார்க்கிறவர் உள்ளே வர மாட்டார்.

இரண்டாவது: யார் எதைத் திறக்கிறார்கள்?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த ஓர் ஆயா இருக்கிறார். (இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) அவருடைய கைபேசியில் டேட்டா இருப்பது மாதத்தில் பாதி நாள்தான். ஞாயிற்றுக்கிழமை பேத்தி வரும்போது அவளுடைய இணைப்பில் மின்னஞ்சல் பெட்டி நிரம்பும். பிறகு வாரம் முழுவதும், இணைப்பு இல்லாமலே, அந்த மடல்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். மன்றம் அவருக்கு உதவாது. ஒவ்வொரு பக்கமும் திறக்க இணைப்பு வேண்டும், உள்ளே நுழையக் கடவுச்சொல் வேண்டும்.

மின்வெட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது; நிலை ஏற ஏற வெட்டும் கூடும்) 6-ஆம் நிலைவரை போனபோது ஒரு நாளில் பல தடவை, தடவைக்கு 2 மணி நேரம், சில இடங்களில் 4 மணி நேரம்கூட மின்சாரம் இல்லை. கைபேசிக் கோபுரங்களின் பேட்டரியும் சில வேளைகளில் தீர்ந்துவிடும். பிறகு நிலைமை வெகுவாகத் தேறிவிட்டது என்றாலும், அந்த ஆண்டைப் பார்த்தவர்கள் இணைப்பு எப்போதும் இருக்கும் என்று நம்பி எதையும் கட்டுவதில்லை. மின்னஞ்சல் பொறுமைசாலி. இணைப்பு வரும்வரை வழியில் காத்திருந்து பிறகு வந்து சேரும்.

ஆகவே பத்துப் பேரை நேரில் கேளுங்கள். வயதில் மூத்த மூன்று பேர், வேலைக்குப் போகும் நான்கு பேர், கல்லூரி வயதில் மூன்று பேர். "மின்னஞ்சலைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?" என்பது மட்டுமே கேள்வி. கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் மின்னஞ்சலைத் திறப்பது பல்கலைக்கழகம் எழுதினால் மட்டும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மொழியையும் கேட்க வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் தமிழில் எழுத ஆசைப்படுகிறார்கள். ஒரே குழுவில் இருவரும் இருந்தால் தலைப்பு வரி இரு மொழியிலும் இருக்கட்டும். மடல் தமிழில் இருந்தால் கீழே நான்கு வரி ஆங்கிலச் சுருக்கம் போதும். இதைச் செய்யாத குழுக்களில் ஆறே மாதத்தில் உள்ளூர்க்காரர்கள் மெளனமாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மடற்குழு என்று முடிவானால்

நாமே ஒரு சர்வர் வாங்கி மெயில்மேன் போன்ற மடற்குழு மென்பொருளை நிறுவலாம் என்று யாராவது உற்சாகப்படுத்துவார்கள். வேண்டாம். மின்னஞ்சல் உலகம் இப்போது சந்தேகப் பிராணியாகிவிட்டது. ஒருவர் பெயரில் வேறோர் இடத்திலிருந்து மடல் வந்தால் அது போலியா என்று சோதிக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று அடுக்குக் காவல் இருக்கிறது. மடற்குழு செய்வதும் அதே காரியம்தானே: மாமா எழுதிய மடலை, மாமாவின் பெயரில், வேறொரு கணினி அனுப்புகிறது. 2014 ஏப்ரலில் யாகூ இந்தக் காவலை இறுக்கியபோது உலகெங்கும் மடற்குழுக்கள் தடுமாறின. 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாகூவும் மேலும் இறுக்கின. இந்தத் தலைவலியைக் கூகுள் குரூப்ஸ், குரூப்ஸ் டாட் ஐஓ போன்ற சேவைகளிடம் விட்டுவிடுங்கள். முன்னது இலவசம், பின்னதில் நாள்காட்டி, கோப்புக் கிடங்கு எல்லாம் உண்டு, ஆனால் இலவசத் திட்டத்துக்கு வரம்புகள் இருக்கின்றன.

கூகுள் குரூப்ஸில் புதுக் குழு தொடங்க ஐந்து நிமிடம் போதும். அமைப்புகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சேர விரும்புகிறவர் விண்ணப்பித்து நீங்கள் அனுமதிக்கும்படி வையுங்கள். உறுப்பினர் பட்டியலை நிர்வாகிகள் மட்டும் பார்க்கட்டும். பழைய மடல்களை உறுப்பினர்கள் பார்க்கலாம், வெளியார் வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவரின் முதல் சில மடல்கள் உங்கள் பார்வைக்கு வந்த பிறகே போகட்டும். தலைப்புக்கு முன்னால் குழுவின் பெயர் சதுர அடைப்புக்குள் வரும்படி செய்துவிட்டால், ஆயாவின் பேத்திகூட எது குழு மடல் என்று ஒரு பார்வையில் கண்டுகொள்வாள்.

இன்னொரு அமைப்பு, பதில் மடல் யாருக்குப் போக வேண்டும் என்பது. எழுதியவருக்கு மட்டுமா, குழு முழுவதற்குமா? கலகலப்பாக இருக்கட்டும் என்று நான் 'குழு முழுவதற்கும்' என்று வைத்தேன். இரண்டாவது வாரம் ஆண்டுக் கணக்கை ஒரு பெரியவர் குழுவில் அனுப்பினார். ஓர் இளைஞர் தன் நண்பருக்கு மட்டும் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, "இந்தக் கிழவருக்குக் கூட்டல் தெரியுமா?" என்று பதில் போட்டார். அது 63 பேருக்குப் போனது. பத்து நிமிடம் குழுவே மூச்சுவிடவில்லை. பிறகு பெரியவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "தெரியும், தம்பி. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்."

அவர் பெரிய மனிதர், அதனால் தப்பித்தோம். எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார். அறிவிப்புகளுக்கான குழு என்றால் பதில் எழுதியவருக்கு மட்டும் போகட்டும். விவாதக் குழு என்றால் முழுவதற்கும் வைத்து, முதல் மடலிலேயே கொட்டை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு உறுப்பினரும் மடல் வரும் விதத்தைத் தாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உடனுக்குடன் ஒவ்வொன்றாகப் பெறலாம். 25 மடல்வரை கட்டி ஒரே திரட்டாகப் பெறலாம். அஞ்சல்பெட்டிக்கே வராமல் தளத்தில் போய்ப் படிக்கலாம். "மெயில் அதிகமாக வருகிறது" என்று கோபித்துக்கொண்டு விலகுகிறவரில் பாதிப் பேர் திரட்டுக்கு மாற்றிவிட்டால் தங்கிவிடுவார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே மாற்றிக் கொடுங்கள்.

கனமான படங்களை இணைத்து அனுப்ப விடாதீர்கள். ஜிமெயிலில் 25 எம்பிவரை போகும் என்பதற்காகக் காவடிப் படங்கள் முப்பதை ஒரே மடலில் கட்டி அனுப்பினால், டேட்டாவுக்குக் காசு கொடுப்பவர்கள் வயிறெரிவார்கள். படங்களை வேறோரிடத்தில் ஏற்றிவிட்டு இணைப்பை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

விடுமுறையில் இருப்பதாகத் தானாகப் பதில் அனுப்பும் அஞ்சல்பெட்டிகள் இன்னொரு தொல்லை. அப்படி ஒன்று வந்தால் அந்த உறுப்பினரைச் சில நாளைக்கு 'மடல் வேண்டாம்' நிலைக்கு மாற்றுங்கள்.

மன்றம் என்று முடிவானால்

தமிழ் இணையம் மடற்குழுவில் வளர்ந்தது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் சிதறியிருந்த தன்னார்வலர்கள் இணையம் வழியாகவே கூடி நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு யாகூ குழுக்களில் மரத்தடியும் ராயர் காப்பி கிளப்பும், கூகுளில் மின்தமிழும் வந்தன. இழை (ஒரே தலைப்பில் தொடரும் பேச்சு), மட்டுறுத்துநர் (பதிவுகளைப் பார்த்து அனுமதிப்பவர்) போன்ற சொற்கள் அந்தத் திண்ணைகளில் புழங்கியவை. மன்றம் நடத்துகிறவருக்கும் அந்தச் சொற்களே போதும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

மென்பொருளில் இரண்டைச் சொல்கிறேன். பிஎச்பிபிபி பழையது, சாதாரண இணைய இடவசதியிலேயே ஓடும், தோற்றம் கொஞ்சம் பழைய காலத்து ரேஷன் கார்டு மாதிரி. டிஸ்கோர்ஸ் 2013-இல் வந்தது. கைபேசியில் அழகாகத் தெரியும், புதியவரை மெல்ல மெல்ல நம்பும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. ஆனால் குறைந்தது 1 ஜிபி நினைவகம் உள்ள தனிச் சர்வர் வேண்டும், அதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். கமிட்டியிடம் கேட்கும்போது ஒரு வருடத் தொகையாகக் கேளுங்கள். மாதாமாதம் கையேந்தினால் நான்காவது மாதம் மறந்துவிடுவார்கள். டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை, குழுவின் பெயரில் பதிவு செய்யுங்கள், உங்கள் சொந்தப் பெயரில் அல்ல. நீங்கள் என்றைக்காவது ஜோகன்னஸ்பர்க்குக்கு மாற்றலாகிப் போவீர்கள்.

பிரிவுகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். 12 பிரிவு வைத்தவன் சொல்கிறேன். திறப்பதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் ஐந்தாறு உண்மையான கேள்விகளும் பதில்களும் இருக்கட்டும். நண்பர்கள் நான்கு பேரைப் பிடித்து, அவர்கள் நிஜமாகவே அறிய விரும்புவதைக் கேட்க வையுங்கள். பொய்க் கேள்விகளை வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

வம்சாவளி தேடும் மன்றம் என்றால் தலைப்பு எழுதும் முறையை முதல் நாளே வகுத்துவிடுங்கள். "உதவி தேவை" என்று தலைப்பிட்டால் அது கிணற்றில் போட்ட கல். கலோனியல் நம்பர், கப்பலின் பெயர், வந்த ஆண்டு, ஜில்லா, இந்த நான்கும் தலைப்பில் வர வேண்டும். குடும்பப் பெயர்களின் எழுத்துக்கூட்டலை நம்பவே முடியாது. தமிழ்நாட்டுக் கவுண்டர் இங்கே கவெண்டராகவும் கவுண்டனாகவும் பதிவாகியிருக்கிறார். முதலி மூட்லி ஆகிவிட்டார். அண்ணன் தம்பி இருவர் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் இருப்பதும் உண்டு. எண் மட்டும்தான் மாறாது. ஆகவே ஆங்கிலத்தில் பதிவேட்டில் உள்ளபடியே ஒருமுறை, தமிழில் ஒலித்துப் பார்த்து ஒருமுறை, இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். தமிழில் தேடுகிறவர் வேலூரில் இருக்கிறார், ஆங்கிலத்தில் தேடுகிறவர் டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் இருக்கிறார். இருவர் வலையிலும் சிக்க வேண்டும்.

ஒரு குறிப்பு: பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டிய தமிழை யாராவது வெட்டி ஒட்டினால் குப்பையாகத் தெரியும், தேடலிலும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே போடச் சொல்லுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

எரிதம், அதாவது ஸ்பேம், வரும். மன்றம் திறந்த சில நாளிலேயே மருந்து விற்கிறவர்களும் சூதாட்டக்காரர்களும் உறுப்பினராகச் சேர வரிசையில் நிற்பார்கள். புதியவர் ஒவ்வொருவரையும் மட்டுறுத்துநர் பார்த்து அனுமதிக்கும்படி வையுங்கள். சேரும் படிவத்தில் "உங்கள் குடும்பம் வந்த கப்பல் அல்லது ஜில்லா தெரியுமா?" என்று ஒரு கேள்வி வைத்தால் போதும், எந்திரங்கள் அங்கேயே விழுந்துவிடும். தெரியாது என்று எழுதினாலும் மனிதர் மனிதராகத் தெரிவார்.

இரண்டும் வேண்டும் என்றால்? டிஸ்கோர்ஸில் ஒவ்வொரு பதிவும் மின்னஞ்சலாக வரும்படியும், மின்னஞ்சலிலேயே பதில் போடும்படியும் வைக்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்வரும் அஞ்சலைச் சரியாக அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மடற்குழுவையும் மன்றத்தையும் ஒரே நாளில் திறப்பதை மட்டும் செய்யாதீர்கள். இருக்கிற பத்துப் பேச்சாளரும் ஐந்தைந்தாகப் பிரிந்து போவார்கள். மடற்குழுவை ஓராண்டு ஓட்டுங்கள். ஒரே கேள்வி மூன்றாவது முறை வரும் நாளில் மன்றத்தைப் பற்றி யோசியுங்கள்.

சட்டம்

தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எல்லோரும் போப்பியா என்பார்கள். 2013-இல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் அமலுக்கு முழு வீச்சில் வந்தது. சின்னக் கோயில் கமிட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள். ஒருவரின் மத நம்பிக்கையை அந்தச் சட்டம் தனிக் கவனம் தேவைப்படும் தகவலாகக் கருதுகிறது. சமய அமைப்பு தன் உறுப்பினரின் தகவலை வைத்துக்கொள்ளலாம், அவர் சம்மதமின்றி வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. காவடிப் பதிவுப் படிவத்தில் வாங்கிய முகவரிகளை அப்படியே எடுத்து மடற்குழுவில் கொட்டுவது மிக எளிது, செய்யக் கூடாததும் அதுதான். அழைப்பு அனுப்புங்கள், அவர்களே சேரட்டும். படிவத்தில் "குழு மடல்கள் பெறச் சம்மதம்" என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அதில் அவர்கள் கையால் குறி போட வேண்டும்.

வம்சாவளி மன்றத்துக்கு இதில் ஒரு சலுகை உண்டு. போப்பியா உயிரோடு இருக்கும் மனிதர்களின் தகவலைத்தான் காக்கிறது. 1890-இல் வந்த கொள்ளுத்தாத்தாவின் எண்ணையும் ஊரையும் தாராளமாகப் போடலாம். இன்றைய பேரனின் கைபேசி எண்ணை, பிறந்த நாளை, வீட்டு முகவரியைப் பொதுவில் போட விடாதீர்கள். உறுப்பினருக்கிடையே தனிச்செய்தி அனுப்பும் வசதி அதற்காகத்தான் இருக்கிறது.

வெளியேறும் வழி

வீடு வாடகைக்குப் பார்க்கும்போது பின்வாசலையும் பார்ப்போம் இல்லையா? 2019 அக்டோபரில் யாகூ தன் குழுக்களில் இருந்த பழைய மடல்களை நீக்கப்போவதாக அறிவித்தது. டிசம்பரில் தளத்திலிருந்து அவை போயின. 2020 டிசம்பர் 15-இல் குழுக்களே மூடப்பட்டன. இருபது ஆண்டுக்கு அருகில் தமிழர்கள் எழுதிக் குவித்ததில் யாரோ சிலர் தங்கள் கணினியில் எடுத்து வைத்தது மட்டுமே மிஞ்சியது.

ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் வாரமே ஒருமுறை முழுப் பிரதி எடுத்துப் பாருங்கள். கூகுள் குரூப்ஸின் உரிமையாளர் என்றால் கூகுள் டேக்அவுட் வழியாக மடல்கள், உறுப்பினர் பட்டியல் இரண்டையும் இறக்கிக்கொள்ளலாம். டிஸ்கோர்ஸின் நிர்வாகப் பக்கத்தில் ஒரே பொத்தானில் முழுப் பிரதி கிடைக்கும். பிஎச்பிபிபியில் தரவுத்தளத்தை இறக்க வேண்டும். தைப்பூசத்துக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று நாள் வைத்துக்கொண்டால் மறக்காது. பிரதி ஒன்று உங்களிடம், ஒன்று கமிட்டிச் செயலாளரிடம். அதில் உறுப்பினர் முகவரிகள் இருக்கின்றன என்பதால் பென்டிரைவுக்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுங்கள்.

உரிமையாளர் கணக்கும் இருவரிடம் இருக்க வேண்டும். ஒருவர் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில்தான் எரிதம் வெள்ளமாக வரும்.

முதல் மாதம்

மடற்குழுவின் முதல் மடல் பெரும்பாலும் எரிதப் பெட்டிக்குப் போகும். அதை அனுப்பும் முன்பே வாட்ஸ்அப்பில், "குழு முகவரியிலிருந்து ஒரு மடல் வரும், எரிதப் பெட்டியில் இருந்தால் எடுத்து வையுங்கள், முகவரியைத் தொடர்புகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அந்த முதல் மடலில் விதிமுறைகளைப் பத்தியாகப் பாடாதீர்கள். விலகுவது எப்படி, திரட்டுக்கு மாறுவது எப்படி, பதில் யாருக்குப் போகும் என்பவற்றைச் சொல்லிவிட்டுக் கடைசியில் எல்லோருக்கும் பதில் தெரிந்த ஒரு கேள்வி கேளுங்கள். நான் இரண்டாம் முறை குழு தொடங்கியபோது, "உங்கள் வீட்டில் புரட்டாசிக்கு மரக்கறிக் குழம்பில் என்ன போடுவார்கள்?" என்று கேட்டேன். மறுநாளுக்குள் 22 பதில்கள் வந்தன. அவற்றில் ஒன்று சாட்ஸ்வொர்த் ஆயாவுடையது, பேத்தி தட்டச்சு செய்தது: உலர்ந்த பீன்ஸும் மாங்காயும்.

கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் பட்டியலில் மின்னஞ்சலும் இல்லாத, மன்றத்துக்கும் வர முடியாத ஐந்தாறு பேர் நிச்சயம் இருப்பார்கள். வாரத் திரட்டை வெள்ளிக்கிழமை அச்செடுத்துக் கோயிலில் செருப்பு விடும் இடத்துக்கு மேலே இருக்கும் பலகையில் ஒட்டுங்கள். மின்னஞ்சல் முகவரிகளை அழித்துவிட்டு, எழுத்தின் அளவு 16-க்குக் குறையாமல்.